ஞாயிற்றுக்கிழமைக் கலயம்

நல்ல கள்ளுக்காக அலைந்த அலைச்சலை வேறு எதற்காவது அலைந்திருந்தால் இந்நேரம் மச்சு வீடு கட்டியிருக்கலாம் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் தலையில் துண்டைப் போட்டு மூடி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வண்டியூர்த் தென்னந்தோப்புக்கும் அதற்கு அப்பாலும் போய் வந்தவன் நான். தலைமையாசிரியர் கண்ணில் பட்டால் வேலை போய்விடும். ஆனாலும் போவேன். கெட்ட கள்ளைக் குடித்தால் எனக்குக் கோபம் வரும். தண்ணீர் கலந்தது, நேற்றைய மிச்சத்தை இன்றைக்கு ஊற்றியது, போதைக்காக ஊமத்தங்காயை நசுக்கிப் போட்டது, எதுவானாலும் ஒரு வாய் வைத்ததும் சொல்லிவிடுவேன். சொல்வதோடு நிற்காமல் சண்டையும் போடுவேன். சில கடைகளில் என் தலையைக் கண்டதுமே கள் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

என்னோடு சரிக்குச் சரி குடித்து, என்னைவிடச் சரியாக ருசி சொன்னவன் ஒரே ஒருவன்தான். எங்கள் தெருக்காரன், சிறு வயதிலிருந்து சேக்காளி. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தான். யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து மலாய்ப் பக்கம் போனான். ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. காணவில்லை என்று மட்டும் சொன்னார்கள். யுத்தம் முடிந்து, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து சேர்ந்தார்கள். இவன் வரவில்லை.

அவன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்கு போனாலும் என்னோடு வருகிறவன், ஒரு கடைக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, சில மாதம் இரண்டு ஞாயிறு, தனியாகக் கிளம்பிப் போய்விடுவான். சாயங்காலம் திரும்பும்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் கலயம் தொங்கும். அதன் வாயைப் பனையோலையால் இறுக்கிக் கட்டியிருக்கும். எந்தக் கடை என்று கேட்டால், "அது உனக்கு ஒத்துக்கிறாது மாப்ள" என்று சிரிப்பான். எனக்கு ஒத்துக்கொள்ளாத கள் இந்த ஜில்லாவில் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சொட்டுக்கூடக் காட்டாமல் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவான். அவனுடைய தாயார் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் ஒரு செம்பு கள் குடிக்கிற பழக்கம் உள்ளவள். அவளுக்காகத்தான் கொண்டுபோகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவன் பட்டாளத்துக்குப் போகும்போது கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளை இல்லை. அந்தப் பெண் மாமியாரோடும் கொழுந்தனோடும் அந்த வீட்டிலேயே இருந்தாள். தினமும் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள், தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். அவர்கள் சாதியில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. புருஷன் இறந்துவிட்டால் தாலியை வாங்கிவிட்டு வேறு இடத்தில் கட்டிக் கொடுப்பார்கள். ஆனால் புருஷன் இறந்துவிட்டான் என்று யாராவது சொல்ல வேண்டுமே. ஆனி மாதத்தில் அவளுடைய தகப்பனார் ஊரிலிருந்து வந்தார். மனைவியை இழந்த ஒருவர் கேட்கிறார், நிலபுலம் உள்ளவர், என் மகளுக்கும் வயசு போய்க்கொண்டிருக்கிறது, வருகிற ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டு முடித்துவிட்டுப் பெண்ணை என்னோடு அனுப்புங்கள் என்று கேட்டார். சண்டையாகக் கேட்கவில்லை, அழுதுகொண்டுதான் கேட்டார்.

 அவனுடைய தாயார் அதற்கு ஒன்று சொன்னாளாம். இறந்தவருக்குப் போடுகிற படையலில் அவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதை வைக்க வேண்டும். அப்போதுதான் வந்து எடுத்துக்கொள்வார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. அவள் மகனுக்கு அந்தக் கடைக் கள்.

"வேற கள்ளை வச்சா எம்புள்ள திரும்பிப் பாக்க மாட்டான். அவன் எடுக்காத படையலு, உசிரோட இருக்கிறவனுக்கு வச்ச படையலாப் போயிரும். அவன் வாரதா இருந்தாலும் வழி அடைஞ்சு போகும். அந்தக் கள்ளைக் கொண்டாங்க, நான் சம்மதிக்கிறேன்."

கிழவி கெட்டிக்காரி என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கடை எது என்று ஒருவருக்கும் தெரியாது. அதோடு மதுவிலக்குச் சட்டம் எங்கள் ஜில்லாவுக்கும் வரப்போகிறது, புரட்டாசியோடு எல்லாக் கடைகளுக்கும் பூட்டுத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. கடைகள் மூடிவிட்டால் அந்தக் கள் பிறகு எங்கேயும் கிடைக்காது. கள் கிடைக்காத வரை அவள் மகன் சாக மாட்டான்.

அவனுடைய தம்பி என்னைத் தேடி வந்தான். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. அதே நெற்றி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிற அதே பார்வை. தெருவில் தினமும் பார்க்கிற எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

"அண்ணே, நீங்கதான் கூட வரணும். வாயில வச்சாத் தெரிஞ்சுபோகும் உங்களுக்கு" என்றான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "மதினி சோறு திங்கிறப்பக் கூட வாசல் கதவையே பாத்துக்கிட்டுத் திங்குது. எனக்கு அந்த வீட்டுல சோறு எறங்க மாட்டேங்குது அண்ணே. செத்தாரோ இருக்காரோ, ஒண்ணு தெரிஞ்சாகணும்."

கிளம்புவதற்கு முன் தாயாரிடம் போய் அந்தக் கள் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நன்னாரி வாசமும் இல்லை, புகை வாசமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்றாள். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது ஒன்றுதான். அவன் திரும்பி வரும் ஞாயிறுகளில், மழை பெய்திருந்தால், சைக்கிள் மட்கார்டில் கரிசல் மண் அப்பிக்கொண்டிருக்கும். திண்ணமாகத் தெற்கேதான் போயிருக்கிறான். திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டிப் பக்கம். அங்கே தென்னை இல்லை, பனைதான். ஆகவே பனங்கள்.

முதலாளி குடும்பத்தோடு ராமேசுவரம் போயிருந்த ஒரு ஞாயிறு, விடிகிற நேரத்தில் அவருடைய காரில் கிளம்பினோம். ரிப்பேர் பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்பக்கம் கரி அடுப்பு மாட்டிய கார் அது. கரிவாயுவில் ஓடும். கிளம்புவதற்கு முன் விசிறியைச் சுற்றிச் சுற்றி அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், வழியில் நிறுத்திக் கிளறிவிட வேண்டும், மேடு வந்தால் இறங்கித் தள்ளவும் வேண்டும். கார் என்று பெயர்தானே தவிர, திருமங்கலம் போய்ச் சேர்வதற்குள் என் வேட்டி கரிமூட்டைக்காரன் வேட்டியாகிவிட்டது. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே போனேன். 

முதல் கடை திருமங்கலத்தைத் தாண்டிச் சாலையோரத்திலேயே இருந்தது. பட்டையை வாயில் வைத்ததும் துப்பினேன். பட்டை என்பது பனையோலையை மடித்துச் செய்கிற குவளை. கள்ளோடு பச்சை ஓலை வாசமும் சேர்ந்து வர வேண்டும். இங்கே கிணற்றுத் தண்ணீர் வாசம்தான் வந்தது. கடைக்காரனிடம் எந்தக் கிணறு என்று கேட்டேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாய்ச்சண்டை முற்றிக்கொண்டிருந்தபோது, நடுவில் அவன் பேச்சை நிறுத்திவிட்டு என் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தான். இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றான். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்குப் போய்விட்டான்.

அடுத்த கடையில் கள் நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆண்பனைக் கள், காலையில் இறக்கியது, இனிப்புப் போகாமல் லேசாக நாக்கைக் கிள்ளியது. தொட்டுக்கொள்ள அவித்த மொச்சையும் சுட்ட கருவாடும் வைத்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். குடிக்கிறவர்கள் எல்லோரும் பட்டையில் விரலை நனைத்து முதல் சொட்டைத் தரையில் சுண்டிவிட்டுத்தான் குடித்தார்கள். அது பனையில் இருக்கிற முனிக்கு. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் தம்பியைக் கண்டதும், "எலே பட்டாளம், உசிரோட வந்துட்டியா?" என்றார்.

நான் அவர் இல்லை, அவருடைய தம்பி என்று அவன் சொன்னான். கிழவர் நம்பவில்லை. என்னிடமே காது குத்துகிறாயா என்று சிரித்தார். இங்கே வந்து ஒரு பட்டையைக் குடித்துவிட்டு, இது வாய் கொப்பளிக்க, குடிக்கிறதுக்கு ஓடைக்கரைக்குப் போறேன் என்று நக்கல் செய்துவிட்டுப் போவாயே, மறந்துபோயிற்றா என்றார். பட்டாளத்துக்குப் போகிறேன் என்று கடைசியாக வந்தபோது என் சுருட்டை வாங்கிப் பிடித்தாயே என்றார். அந்த நக்கல் என் சேக்காளியின் வாயிலிருந்து வந்ததேதான். அதைக் கேட்டதும் மொச்சையைக் கீழே வைத்துவிட்டேன். ஓடைக்கரை எங்கே என்று கேட்டோம். உனக்குத் தெரியாத வழியா என்று சிரித்துக்கொண்டே, கிழக்கே கையைக் காட்டினார்.

கிழக்கே போன பாதை வண்டிப் பாதை. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல் காடு. பருத்திமாரைப் பிடுங்கிய பிறகு ஒன்றுமே இல்லாத வெளி. ஓடை குறுக்கிட்ட இடத்தில் கார் ஏற மறுத்தது. உச்சி நேரம். பக்கத்தில் பனைகளுக்கு நடுவில் ஒரு கள்ளுக்கடை தெரிந்ததும் இதுதான் போலிருக்கிறது என்று இறங்கி ஓடினேன். கடை காலி. கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. உடைந்த கலயங்களின் ஓடு காலில் குத்தியது. அந்தப் பக்கம் காந்தியார் ஆட்கள் அதிகம். மறியல் நடந்து குத்தகைக்காரர் மூடிவிட்டுப் போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது ஒன்றும் தெரியாமல் இரண்டு பேரும் அங்கே நின்றோம். காற்றே இல்லை, ஆனால் பனையோலைகள் மேலே சடசடவென்று அடித்துக்கொண்டன. உச்சி நேரத்தில் பனங்காட்டில் நிற்காதே என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வாத்தியாரான பிறகு அதையெல்லாம் பேத்தல் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அங்கே நிற்கும்போது எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

பாதையில் எங்களுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். அந்தப் பாதையில் கண்ணுக்கு எட்டிய வரை ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. கானல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றான்.

என்னத்தை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கிளறப் போனான். எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் கேட்டது என்று நானும் சொல்லிவிட்டால் அந்த இடத்தைவிட்டு நகர எங்கள் இருவருக்கும் கால் வராது என்று தோன்றியது.

காரைத் தள்ளி ஓடையைத் தாண்டினோம். அதற்கப்புறம் தூரம் இல்லை. ஓடை வளைந்து திரும்புகிற கரையில் பத்துப் பனை சேர்ந்தாற்போல் நின்றது. அதன் நிழலில் நாலு கால் நட்டு ஓலை வேய்ந்த ஒரு பந்தல். அவ்வளவுதான் கடை. கடைக்காரி நடுவயதுப் பெண்பிள்ளை. புருஷன் மரத்தின் மேல் இருந்தான். பாளை சீவுகிற சத்தம் மேலிருந்து கேட்டது. கீழே அவள் காலிக் கலயங்களைக் கவிழ்த்து வைத்து, காய்ந்த நன்னாரிக் கொடியைச் சுட்டு, அந்தப் புகையை ஒவ்வொரு கலயத்துக்குள்ளும் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நன்னாரியும் இல்லை, புகையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னை அல்ல.

"வாரேன்னு சொல்லிட்டுப் போனீக. எம்புட்டு நாளாச்சு" என்றாள்.

தம்பி வாயைத் திறந்தான். முந்தின கடையில் சொன்னது போல நான் அவர் இல்லை, தம்பி என்று சொல்லத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவள் அப்படியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. 

"வந்துட்டேன்" என்றான்.

அந்தக் குரல் அவனுடையது இல்லை என்று நான் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். எனக்கு அப்படித்தான் கேட்டது. அவனைத் திட்ட வாயெடுப்பதற்குள் அவள் ஒரு கல்லைத் துண்டால் தட்டிவிட்டாள். அவன் அதில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்து வலது காலை மடித்து இடது தொடையின் மேல் போட்டுக்கொண்டான். அவனுடைய அண்ணன் உட்காருகிற விதம் அது. தம்பி அப்படி உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு பட்டை வந்தது. முதல் சொட்டைத் தரையில் சுண்டிவிட்டுக் குடித்தேன். எத்தனையோ கடையில் குடித்திருக்கிறேன். இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை, பச்சைத் தண்ணீர் மாதிரி போயிற்று. தொண்டையைத் தாண்டிய பிறகுதான் அந்த வாசம் திரும்பி மேலே வந்தது. இதை எனக்குக் காட்டாமல் போனானே பாவி என்று கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. அந்த ஒரு வாயில்தான் அவன் செத்துவிட்டான் என்று எனக்கு நிச்சயமாயிற்று. உயிரோடு இருக்கிறவன் எந்தத் தேசத்தில் கிடந்தாலும் இந்தக் கள்ளுக்குத் திரும்பி வராமல் இருக்க மாட்டான். எனக்குத் தெரியும், நானாக இருந்தால் தவழ்ந்தாவது வந்திருப்பேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கரி அடுப்புப் புகை என்று கடைக்காரி நினைத்திருப்பாள்.

கிளம்பும்போது வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு கலயம் கேட்டோம். அவள் இரண்டு கொண்டுவந்து வைத்தாள். ஒன்று பெரியது, ஒன்று கையளவு. சின்னது எதற்கு என்று தம்பி கேட்டான்.

"என்னய்யா இப்படிக் கேக்குறீக? பெருசு ஆத்தாளுக்கு, சின்னது வீட்டுக்காரிக்கு. ஆத்தாளுக்குத் தெரியாமக் கொல்லைப் பக்கமாப் போயிக் குடுப்பேன்னு நீங்கதான சொல்லுவீக" என்று சிரித்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். வீட்டில் அந்தப் பெண்ணைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி அது. என் சேக்காளி என்னை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கூட இருந்தால் அந்தச் சின்னக் கலயத்தைப் பார்ப்பேன். பார்த்தால் தெரு முழுக்கக் கேலி பேசுவேன். பேசியிருப்பேன்தான், அதில் சந்தேகமே இல்லை. தன் பெண்டாட்டிக்கும் தனக்கும் மட்டும் என்று ஒன்றை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். புறப்படும்போது தம்பி அவளிடம் வாரேன் என்று சொன்னான்.

திரும்பும் வழியில் பெரிய கலயம் என் மடியிலும், சின்னது பின் ஸீட்டிலும் இருந்தன. சாலையின் ஒவ்வொரு குழியிலும் திரும்பிப் பின்னால் பார்த்தேன். கலயத்தைப் பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருமங்கலம் நெருங்கும்போதுதான் அவன் பேசினான். "ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல அண்ணே. அந்தம்மா மூஞ்சியப் பாத்தா, இல்லைன்னு சொல்ல வாய் வரல" என்றான். சரி விடு என்றேன். 

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். பெண்ணின் தகப்பனார் முடிவு தெரிந்துகொள்ள அன்றைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். தாயார் கூடத்தில் சுவரோரமாக இருந்தாள். தம்பி பெரிய கலயத்தை அவள் முன்னால் வைத்தான். சின்னதை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படி நிலைப்படி ஓரமாக வைத்துவிட்டு வந்தான். தாயார் ஓலையை அவிழ்த்தாள். குடிக்கக்கூட இல்லை. குனிந்து மூச்சை இழுத்தாள். 

"இதுதான்" என்றாள். ஓலையைக் கீழே வைத்துவிட்டு, "எம்புள்ள போயிட்டான்" என்றாள். அலறுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அலறவில்லை. கலயத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அது அலறலைவிட மோசமாக இருந்தது. தகப்பனாரும் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, அமாவாசைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது, அன்றைக்கு அதே கடையில் புதிதாக வாங்கிக்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்று தொடங்கினார்.

அப்போதுதான் அந்தப் பெண் அடுப்படியிலிருந்து வந்தாள். நிலைப்படியில் சின்னக் கலயத்தைக் கண்டு நின்றாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கலயத்தை எடுத்து, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓலையை அவிழ்த்து, நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். மாமியார் முன்னாலும் தகப்பன் முன்னாலும் அப்படிக் குடிக்கிற பெண் எங்கள் தெருவில் கிடையாது.  அவள் அதை உடனே விழுங்கவில்லை. கண்ணை மூடி, வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். விழுங்கிய பிறகும் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இது இல்ல அத்தே" என்றாள்.

தகப்பனார் எழுந்துவிட்டார். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும். எனக்கும் வாங்கியாந்து குடுத்திருக்காரு. இது அவரு கொண்டாந்த கள்ளு இல்ல."

தாயார் மருமகளை அண்ணாந்து பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. கோபமா, நன்றியா, என்னவென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கலயத்தின் வாயை மறுபடி ஓலையால் மூடிக் கட்டத் தொடங்கினாள். "அவ சொன்னாச் சரிதான். நான் கெழவி, என் மூக்கு செத்துப்போச்சு" என்றாள்.

தகப்பனார் என்னிடம் திரும்பினார். நீங்கள் ருசி தெரிந்தவர், கடைக்கும் போய் வந்திருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பட்டைக் கள்ளுக்காக ஊர் ஊராகச் சண்டை போடுகிறவன் நான். அந்தப் பெண் சின்னக் கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கெஞ்சவில்லை. சொல்வதானால் சொல் என்று நின்றாள்.

"என்னைய அவன் அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனதே இல்லைங்க. எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

தகப்பனார் சாப்பிடாமலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆடி அமாவாசையன்று வைகைக் கரையில் ஊரே கூடித் தர்ப்பணம் செய்தது. அந்த வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நான் தெருவில் போகும்போது அவள் வழக்கம் போல வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மை தெரியும், எனக்குத் தெரியும், தாயாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு அந்தத் தெருவில் நடப்பதற்கு எனக்கு என்னவோ போல இருந்தது.

அமாவாசை கழிந்த சனிக்கிழமை தம்பி என் வீட்டுக்கு வந்தான். திரும்பவும் எங்கேயோ மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். நாளைக்கு ஓடைக்கரைக்குப் போகணும், துணைக்கு வாரீங்களா என்று கேட்டான். எதற்கு, அந்தக் கள் இல்லை என்றுதான் ஆகிவிட்டதே என்றேன்.

"மதினிதான் வாங்கியாரச் சொல்லுச்சு. சின்னக் கலயத்துல" என்றான். "அந்தக் கடைக் கள்ளாத்தான் இருக்கணுமாம். வேற கடையில வாங்கி ஏமாத்தினா எனக்குத் தெரிஞ்சு போகும்னு சொல்லுச்சு."